தண்ணீர் பிடிக்க வந்தவர்கள்

புதன்கிழமை. மாலை நான்கு முப்பத்தொன்று. மாடிப்படியில் இறங்கி ஓடுகிறேன். கையில் போன். போனில் என் மனைவி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். முதல் குண்டு தெருவில் விழுந்துவிட்டது. இரண்டாவது வருகிறது. வரும்போதே அதற்கு ஒரு சத்தம் உண்டு. கோடித் துணியை நீளமாகக் கிழிப்பது போல.

"அண்ணா, படுங்க! எல்லாரும் படுத்துக்கோங்க!"

தமிழில் கத்துகிறேன். முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். தமிழ் தெரிந்தவர் அதில் ஒரே ஒருவர். மற்றவர்கள் என் குரல் கேட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள். குனிய வேண்டிய நேரத்தில் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

"மயில்சாமிங்க, அங்கயே நிறுத்திக்கலாங்க. காலைத் தரையில நல்லா ஊணுங்க. இன்னிக்கு என்ன கெழமைங்க?"

வெள்ளிக்கிழமை. காலை பதினொன்று. இடம் கோவை, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மாடி அறை. பிளாஸ்டிக் நாற்காலி. எதிரில் நிர்மலா மேடம். மனதில் அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை தருகிற ஆலோசகர். என் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. வேர்வை.

நடந்ததை நடப்பதாகச் சொல்லச் சொன்னவர் அவர்தான். கண்ணை மூடி, நேரம் சொல்லி, சத்தம் சொல்லி. தாங்காத இடத்தில் நிறுத்தி இன்றைக்கு இழுத்து வருவார். மறுபடி அங்கே அனுப்புவார். பல மாதம் அப்படிப் பேசிப் பேசி, எழுதும்போதும் அது போகவில்லை. அன்றும் இன்றும் கலந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மயில்சாமி. வயது நாற்பத்தொன்று. கருமத்தம்பட்டிக்கு வடக்கே எங்கள் தோட்டம். தொழில், போர்வெல் மோட்டார் ஃபிட்டர். கோவையில் செய்கிற பம்புகள் சூடான் வரை போகின்றன. பம்பு போனால் பின்னாலேயே ஃபிட்டரும் போக வேண்டும். தலைநகர் கார்ட்டூமின் தெற்குப் பக்கம் எங்களுக்கு ஒரு சர்வீஸ் கிடங்கு. கீழே பட்டறை. மேலே இரண்டு அறை. நானும் ரங்கசாமி அண்ணனும் அங்கே தங்கியிருந்தோம்.

அண்ணன் ஒண்டிப்புதூர்க்காரர். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். ஒன்பது வருடம் ஒரே வண்டியில் ஊர் ஊராகப் போய் மோட்டார் இறக்கியவர்கள் நாங்கள். காப்பியில் சர்க்கரை கூடினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மோட்டார் எரிந்துபோனால் சிரிப்பார். "வேல வந்துபோட்டுது மயிலு" என்பார்.

சித்திரை ஒன்று, வெள்ளிக்கிழமை. சேமியாப் பாயசம் வைத்தோம். சித்திரை இரண்டு, சனிக்கிழமை, காலை ஒன்பது சுமாருக்கு முதல் சத்தம். கல்லுக்கு வெடி வைக்கிறார்கள் என்றேன். மதுக்கரைப் பக்கம் வேலைக்குப் போகும்போது கேட்ட வெடிச் சத்தம் அப்படித்தான் இருக்கும். அண்ணன் தலையை ஆட்டினார். குவாரியில் வெடித்தால் வெடித்து நிற்கும். இது நிற்கவில்லை. நாட்டின் ராணுவமும் இன்னொரு படையும் நகருக்குள்ளேயே மோதிக்கொண்டன. நடுவில் ஜனங்கள்.

அன்றே கரண்ட் போனது. ஞாயிறு தண்ணீர் போனது. திங்கள் காலை கேட்டுக்கு வெளியே காலிக் கேன்களோடு பெண்கள் நின்றார்கள். நோன்பு மாதம். பகலெல்லாம் வாயில் ஒரு சொட்டு விடாதவர்கள். எங்கள் காவலாளி இத்ரீஸ் என்னைப் பார்த்துக் கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார்.

கிடங்கில் பம்பு சோதிக்க ஒரு போர்வெல் இருந்தது. ஜெனரேட்டர் இருந்தது. டீசல் இரண்டு பேரல் இருந்தது. தண்ணீர் என்று கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பகையாளி கேட்டாலும் ஒரு சொம்பு கொடுத்துவிட்டுத்தான் மற்றது பேசுவோம். அரை மணி நேரத்தில் வயரை மாற்றிப் போட்டேன். தண்ணீர் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"சத்தம் ஊருக்கே கேக்கும் மயிலு. பொகையும் தெரியும்" என்றார் அண்ணன். "நாலு மணிக்கு அரை மணி நேரம். அதுக்கு மேல வேண்டாம்."

திங்கள் நடந்தது. செவ்வாய் நடந்தது. புதன்.

நான்கு மணி. ஜெனரேட்டரைப் போடுகிறேன். தண்ணீர் ஓஸ் என் கையில். நான்கு இருபது. போன் அடிக்கிறது. இரண்டு நாளாகச் சிக்னல் இல்லாத போன். மேல் மாடி ஜன்னலோரம் மட்டும்தான் பேச்சு விட்டுப்போகாமல் கேட்கும்.

"அண்ணா, ரண்டு நிமிசம் பாத்துக்கோங்க. ஊட்டுல இருந்து போனு."

"போயிட்டு வா மயிலு. நான் புடிக்கறேன்."

ஓஸை அவர் கையில் கொடுத்தேன். மேலே போனேன். என்ன பேசினேன்? என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். மண்டபத்துக்குச் சொல்லலாமா, அதற்குள் நான் வந்துவிடுவேனா என்று என் மனைவி பூங்கொடி கேட்டாள். சாப்பாட்டுக்கு யாரைச் சொல்வது என்றும் பேசினோம். இரண்டு நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போனவன் பதினோரு நிமிடம் பேசினேன். போனில் பதிவு இருக்கிறது. பார்த்துப் பார்த்து அந்த எண் எனக்கு மனப்பாடம்.

நான்கு முப்பத்தொன்று. தெருவில் ஒன்று. படியில் ஓடுகிறேன். கத்துகிறேன். நிமிர்கிறார்கள். முற்றத்தில் இரண்டாவது.

அதற்குச் சத்தமே இல்லை. காது அடைத்துக்கொண்டது. புழுதி. வாயெல்லாம் மண். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காது மட்டும் திறந்தது. முதலில் கேட்டது ஜெனரேட்டர். அது நிற்கவே இல்லை. அடுத்து தண்ணீர். தரையில் கிடந்த ஓஸ், சரிந்து கிடந்த ஒரு காலிக் கேனுக்குள் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கொடகொடவென்று. அழுகைச் சத்தம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

அண்ணன் ஜெனரேட்டர் பக்கம் கவிழ்ந்து கிடந்தார். வலது கை சுவிட்சுப் பெட்டியில். அணைக்கப் போனாரா, பிடித்துக்கொள்ளப் போனாரா, தெரியாது. திருப்பினேன். உயிர் இல்லை.

வியாழன் காலை ஏழு மணிக்குச் சுற்றுச்சுவரோரம் ஒரு வேப்ப மரத்தடியில் அடக்கம் செய்தோம். அக்கம்பக்கத்து ஆட்கள் குழி வெட்டினார்கள். கற்பூரம் இல்லை. டீசலில் திரி நனைத்துக் கொளுத்தினேன். பதினோராம் நாள் பஸ். பிறகு துறைமுகம், கப்பல், விமானம். கோவையில் இறங்கியபோது என்னிடம் பாஸ்போர்ட்டும் போனும் தவிர ஒன்றும் இல்லை.

மறுநாள் சரோஜா அக்கா எங்கள் தோட்டத்துக்கு வந்தார். அண்ணனின் மனைவி. உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார். எப்படிப் போச்சு தம்பி என்று ஒரே கேள்வி.

பயந்துபோனேன். குண்டுக்குப் பயந்ததைவிட அந்த அம்மா முகத்துக்குப் பயந்தேன். வாய் தானாகப் பேசியது. "ரொட்டி வாங்கறதுக்கு வெளிய போனாருங்கக்கா. வேண்டாமுன்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கல. ரோட்டுல குண்டு உழுந்துபோட்டுது." அக்கா தலையாட்டினார். போய்விட்டார். பொய் சொல்ல எனக்கு ஒரு மூச்சு கூட ஆகவில்லை.

அதன் பிறகு என் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

பட்டாசுக்கு நான் பயப்படவில்லை. இடிக்குப் பயப்படவில்லை. காலிக் கேனில் தண்ணீர் விழுந்தால் செத்தேன். ஃபிட்டருக்கு இப்படி ஒரு பயம். எங்கள் பக்கம் த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் தோட்டந்தோட்டமாக மோட்டார் தானாக ஸ்டார்ட் எடுத்துக்கொள்ளும். எந்த நேரத்தில் எந்தத் தொட்டியில் தண்ணீர் விழும் என்று காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தேன். குளிக்கிற பக்கெட்டில் துணியைப் போட்டு, துணிமேல் தண்ணீர் விட்டுத்தான் குளித்தேன்.

ஆவணி மாதம். காலை ஆறு பத்து. என் தம்பி புதிதாக வாங்கிய நீலப் பேரலை மோட்டார் ரூம் பக்கம் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. கரண்ட் வந்தது. மோட்டார் எடுத்தது. காலிப் பேரலில் தண்ணீர் விழுந்தது.

ஓடுகிறேன். மகள் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறாள். ஐந்து வயது. அவளை வாரி எடுத்து வாய்க்காலில் போட்டு மேலே படுத்துக்கொள்கிறேன். "படுத்துக்க அம்மணி! தலையத் தூக்காத!" இரண்டாவது வரப்போகிறது. தலையை அழுத்துகிறேன். வரும். வந்துவிடும்.

என் முடியைப் பிடித்து இழுத்தவள் பூங்கொடி. குழந்தையின் முகம் முழுக்கச் சேறு. மூக்கில் சேறு. மூச்சு வரவில்லை. முதுகில் தட்டித் தட்டி ஒருவழியாக வந்தது. அன்றிலிருந்து மகள் என்னிடம் தனியாக நிற்பதில்லை. நான் அவள் பக்கம் போனால் அம்மா சேலைக்குப் பின்னால் போய்விடுவாள். என்னைக் கண்டு நானும்தான் பயந்தேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தம்பி சொன்னான். மந்திரிக்கக் கூட்டிப் போனார்கள். கழுத்தில் ஒரு கயிறு, கையில் இரண்டு, இடுப்பில் ஒன்று. கயிற்றுக்கடையே வைத்திருந்தேன். பேய் போகவில்லை. கயிறு அரித்தது. கடைசியில் டாக்டர் ஒருவர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, மாத்திரை மட்டும் பத்தாது என்று நிர்மலா மேடத்திடம் அனுப்பினார்.

முதல் நாள் அவரும் தப்புப் பண்ணினார். நான் நடுங்குவதைப் பார்த்து, ஜக்கிலிருந்து காலி டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். நான் மேசைக்கு அடியில் போய்விட்டேன். மேடம் பதறவில்லை. அவரும் தரையில் உட்கார்ந்தார். அப்படியே அரை மணி நேரம். "இது எனக்குத் தெரியாமப் போச்சுங்க. என் தப்புங்க" என்றார். படித்தவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து தன் தப்பு என்று சொன்னதை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்காகவே அடுத்த வாரம் போனேன்.

அவர் செய்கிற சிகிச்சைக்கு ஒரே வழி இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு. கொஞ்ச நேரம் பேச்சு. சில நாள் எழுத்து. சில நாள் பூங்கொடியையும் கூப்பிட்டு உட்கார வைப்பார். நாலு கம்பெனி பார்ட்ஸை எடுத்து ஒரு மோட்டாரை ஓட்டுகிறீர்களே என்றேன். ஓடுகிற பார்ட்டை வைத்துக்கொள்வோம், ஓடாததைக் கழற்றிவிடுவோம் என்றார். தொழில் பேச்சு. நம்பிக்கை வந்தது. ஸ்பூனால் டம்ளரில் தண்ணீர் விடுவதில் ஆரம்பித்தோம். ஒரு ஸ்பூனுக்கு மூன்று வாரம் ஆனது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மோட்டார் எரிந்தால் கம்ப்ளெயின்ட் சீட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரே கட்டம். ஒரே காரணம்தான் எழுத வேண்டும். இரண்டு காரணம் எழுதினால் ஆபீசில் திருப்பி அனுப்புவார்கள். மேடம் ஒருநாள் வெறும் தாளைக் கொடுத்து அந்தப் புதன்கிழமையை எழுதச் சொன்னார். நான் சீட்டு மாதிரியே எழுதினேன். பழுது: ஐந்து உயிர். காரணம்: மயில்சாமி.

அவர் அதைப் படித்தார். மறுக்கவில்லை. பெரிய வட்டம் ஒன்று போட்டார். இதில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு, நீங்களே கோடு போடுங்கள் என்றார். போட்டேன். தண்ணீர் கொடுத்த நான். போனுக்குப் போன நான். தமிழில் கத்திய நான். புகை விட்ட ஜெனரேட்டர். வட்டம் நிரம்பிவிட்டது.

"குண்டு போட்டவங்களுக்கு எங்கீங்க எடம்?" என்றார்.

இடமே விடவில்லை. ஒரு வருடமாக அவர்களை நான் நினைக்கவே இல்லை. தாளைப் பார்த்துக்கொண்டு அழுதேன். வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

அன்றைக்குத்தான் ரொட்டிப் பொய்யையும் சொன்னேன். சரோஜா அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று மேடம் சொல்லவில்லை. முடிவு உங்களுடையது என்றார். மன்னிப்பு வாங்கலாம் என்று போகாதீர்கள், அவருக்குக் கோபம் வரலாம், கேட்க விருப்பமா என்று முதலில் கேளுங்கள் என்றார். மூன்று வாரம் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். நாலாவது வாரம் கூப்பிட்டேன். அண்ணன் செத்ததைப் பற்றி நான் சொன்னது நிஜமில்லை, கேட்கிறீர்களா என்றேன்.

 "ஞாயித்துக்கெழம வா தம்பி" என்றார் அக்கா.

ஆனி மாதம். ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது நாற்பது. ஒண்டிப்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன்.  அக்கா வீட்டுத் தெருவில் குழாயில் தண்ணீர் விடுகிற நாள் போல. வரிசையாகக் குடங்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள். பத்துப் பெண்கள். ஒரு காலிக் குடத்தில் தண்ணீர் விழ ஆரம்பிக்கிறது.

நிற்கிறேன். பாதத்தைத் தரையில் ஊன்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை. ஒண்டிப்புதூர். மேலே பார்க்கிறேன். வானம். ஒன்றும் வரவில்லை.  எல்லாரும் ஓடுங்கள் என்று கத்தத் தோன்றுகிறது. கத்தவில்லை. "ஏனுங்க, வழி வேணுங்களா?" என்று ஒரு பெண் குடத்தை நகர்த்தி வைக்கிறார். குடங்களுக்கு நடுவில் நடக்கிறேன். பயம் போகவில்லை. பயத்தோடுதான் நடந்தேன்.

அக்கா நாற்காலி போட்டார். சுவரில் அண்ணன் படம். மாலை. நாற்பது நிமிடம் பேசினேன். நடப்பதாகவே சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வரவில்லை. நான்கு மணி. நான்கு இருபது. போன். இரண்டு நிமிசம் என்றது. பதினொன்று. ஓஸ் அவர் கையில். அவர் கை சுவிட்சில். வேப்ப மரம். டீசல் திரி. எதையும் விடவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். காறித் துப்புவார் என்று நினைத்தேன். எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப அவரு ரொட்டி வாங்கப் போகலியா தம்பி?"

"இல்லீங்கக்கா."

"நீ வேண்டாமுன்னு சொல்லி, அவரு கேக்காமப் போகலியா?"

"இல்லீங்கக்கா. நான்தான் பாத்துக்கச் சொல்லி நிறுத்திப்போட்டுப் போனேன்."

அக்கா படத்தைப் பார்த்தார். தெலுங்கில் என்னவோ சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பதினாலு மாசமா தெனமும் வெளக்கு வெக்கறப்ப அவரத் திட்டி வஞ்சுட்டு இருக்கறேன். வேண்டாமுன்னு சொன்ன பேச்சக் கேக்காம, ஒரு ரொட்டிக்குப் போயி உசுர உட்டுப்போட்டீங்களே, எங்களப் பத்தி நெனச்சீங்களான்னு. திதி குடுத்தன்னிக்குக் கூட வஞ்சேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல எனக்கு. அவ்வளவு கோவம். ஊருக்குத் தண்ணி புடிச்சுக் குடுத்துட்டு நின்ன மனுசனப் போயி இப்படி வஞ்சுபோட்டனே தம்பி."

சொல்லும்போதே குரல் உடைந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை அப்போதுதான் வந்தது. அண்ணன் அன்றைக்குத்தான் செத்தது போல அழுதார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டார்கள். பதினோரு நிமிடத்தைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பயந்து பயந்து தூக்கிக்கொண்டு போனது அதைத்தான். ரொட்டிப் பொய்யை நான் ஒரு பொருட்டாகவே நினைத்திருக்கவில்லை.

சாயங்காலம் வரை வாசலில் நின்றேன். அக்கா என்னைப் போகவும் சொல்லவில்லை. உள்ளே கூப்பிடவும் இல்லை.

கணக்கு இதுதான். மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

புதன்கிழமை, மாலை நான்கு முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இறந்தவர்கள். காவலாளி இத்ரீஸ். பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட டீச்சர் ஆமினா, இரண்டு மஞ்சள் கேனோடு வந்தவர். அண்ணன் தம்பி இருவர், மூன்று நாளும் வந்தார்கள், பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ரங்கசாமி அண்ணன்.

அடிபட்டவர்கள் நான்கு பேர். பிழைத்தார்களா, தெரியாது. என் இடது காது கேட்பதில் பாதி. என் மகளுக்கு என் மேல் இருந்த பயமில்லாத அன்பு; அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, முழுதாக வரவில்லை. நான் பார்த்த தொழில்.

இவ்வளவும் குண்டு எடுத்தது.

சரோஜா அக்கா தன் புருசனுக்காக அழுதிருக்க வேண்டிய பதினாலு மாதம். அதைக் குண்டு எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.